மஞ்சள் பட்டை போட்ட ஏணி

ஓர் ஏணி எப்படி இருக்க வேண்டும்? இதைச் சொல்லப் பள்ளிக்கூடம் போன பிள்ளை வேண்டாம், போகாத பிள்ளையே போதும். ஏறினால் உடையக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியை எழுதுவதற்கு ஏற்காட்டில் பத்துப் பேர் கூடி, ஒரு மழைக்காலம் முழுவதும் பஜ்ஜி தின்றோம். அந்தப் பத்தில் நானும் ஒருத்தி என்பதால் மற்ற ஒன்பது பேரையும் திட்ட எனக்கு உரிமை உண்டு.

நான் சேலத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பொருள்களை உடைத்துப் பார்ப்பதுதான் தொழில். கம்பி வரும், சங்கிலி வரும், செங்கல் வரும், கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி வரும். எவ்வளவு பாரத்தில் எப்படி உடைகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். பிறந்தது நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். தாத்தா காலத்தில் கீழேயிருந்து பிழைக்க மலையேறி வந்த குடும்பம். நான் டிப்ளமா படித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அண்ணன் இறங்கவில்லை. அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பார், கவாத்து வெட்டுவார், பொங்கல் கழிந்ததும் மிளகுக்கு ஏறுவார்.

மிளகு என்றால் ஏணிதான். சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொடி உச்சிவரை போயிருக்கும். அதன்மேல் சாய்ப்பது நாற்காலி மாதிரி நான்கு கால் உள்ள ஏணி அல்ல. ஒரே ஒரு நீள மூங்கில், அதில் துளை போட்டுக் குறுக்கே செருகிய குச்சிகள். ஒரு கால் வைக்க மட்டும் இடம். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு அதில் ஏறி, ஒரு கையால் கொடியைப் பிடித்து, மறு கையால் சரம் சரமாக உருவ வேண்டும். கீழே நின்று பார்க்கிற எனக்கே உள்ளங்கால் கூசும்.

அப்படி ஒரு சீசனில் அண்ணன் ஏறியிருந்தபோது ஏணி இரண்டாக முறிந்தது. துளை போட்ட இடத்தில் ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. கீழே இருந்த காப்பிச் செடி தாங்கிக்கொண்டதால் மணிக்கட்டு மட்டும் போயிற்று. பாறைமேல் விழுந்திருந்தால் நான் இப்படி நக்கலாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கட்டுப் பிரித்த கையோடு அவர் சொன்ன முதல் வார்த்தை, "அடுத்த சீசனுக்கு ஏறிப்போடலாம் கண்ணு." ஏறாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்த வேலை அது. ஏறத்தான் போகிறார். அப்படியானால் ஏணி உடையக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், இன்றைக்கும் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மலையில் இன்னும் இரண்டு மூன்று பேர் விழுந்திருந்தார்கள். எஸ்டேட்காரர்களும் சிறு விவசாயிகளும் கூடிப் பேசி, மலைக்கெல்லாம் பொதுவாக ஒரு ஏணித் தரவிதி எழுதுவது என்று முடிவு செய்தார்கள். உடைத்துப் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாளே என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். நான் பெருமைப்பட்டேன். லீவு போட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதல் கூட்டத்துக்கு பஸ் ஏறி வந்தேன்.

கூட்டம் ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில். தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், குளிருக்காக ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டவர். அடுத்து எங்கள் எஸ்டேட் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் சான்றிதழ் வழங்கும் கம்பெனி ஒன்றிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர். மாரமங்கலத்திலிருந்து ஒரு அக்கா, சொந்தமாகக் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். மீதிப் பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பஜ்ஜிக்குச் சட்னி போதவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

நம்ப மாட்டீர்கள், ஏணியைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வரவில்லை. முற்றிய மூங்கில், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. ஏறுகிறவர் எடையும் பை எடையும் சேர்த்து அதற்கு இரு மடங்கு பாரத்தை நடுக்குச்சியில் தொங்கவிட்டால் விரிசல் விடக் கூடாது. பெயின்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் விரிசல் மறைந்துவிடும், எண்ணெய் மட்டும் பூசலாம். இதெல்லாம் டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. பரவாயில்லையே, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சான்றிதழ்க்காரர் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரிதான் மேடம். ஏணி இப்படி இருக்குன்னு யார் சரிபார்க்கறது? அதைச் சொல்லாம இது எப்படித் தரவிதியாகும்?"

அந்த ஒரு கேள்வி மழைக்காலத்தை விழுங்கிவிட்டது.

எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. தோசை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவது ஒரு வேலை. மெல்லியதாக இருக்க வேண்டும், ஓரம் முறுக வேண்டும், நடுவில் வேகாமல் இருக்கக் கூடாது. முறுகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்றும் எழுதலாம், பிட்டுப் பார் என்று. ஆனால் அதை யார் சாப்பிட்டுப் பார்ப்பது, மாமியாரா, பக்கத்து வீட்டுக்காரியா, மாவு மில்காரரா என்பது வேறு பஞ்சாயத்து. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் தோசை மறந்துபோகும், மாமியார் மட்டும் நிற்பார். ஆகவே ஏணி எப்படி இருக்க வேண்டும், எப்படிச் சோதிப்பது என்பதோடு நிறுத்துவோம். யார் சோதிப்பது, யார் முத்திரை போடுவது என்பதைத் தனியாக இன்னொரு தாளில் வைத்துக்கொள்வோம். இதை நான் எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லிச் சொல்லி என் வாயே எனக்குப் புளித்துவிட்டது.

சான்றிதழ்க்காரருக்கு அது பிடிக்கவில்லை. வெளியாள் வந்து சோதித்தால்தான் நம்பிக்கை என்றார். அந்த வெளியாள் யார் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். எஸ்டேட் முதலாளி, "எங்க மேஸ்திரி பார்க்காததையா வெளியாள் பார்த்துடப் போறான்?" என்றார். அவருடைய மேஸ்திரி பார்த்த ஏணியிலிருந்துதான் என் அண்ணன் விழுந்தார் என்பதை நான் சொன்னேன். முதலாளி பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

மாரமங்கலத்து அக்கா கையைத் தூக்கினார். "ஏனுங்க, எங்க ஏணியெல்லாம் வேலியில நிக்கற மூங்கிலுங்க. சீசனுக்கு வெட்டறது, சீசன் முடிஞ்சா அடுப்புக்கு. அதக் கீழ எறக்கி, ஒருத்தரு சோதிச்சு, முத்திர போட்டு மேல அனுப்பறதுக்குள்ள மொளகு உதுந்து போயிருமுங்க. அப்ப எங்க ஏணி ஏணியே இல்லீங்களா?"

அவர் கேட்டது நியாயம். வெளியாள் என்று எழுதினால் சிறு விவசாயிகள் எல்லாரும் ஒரே கையெழுத்தில் வெளியே. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எழுதினால் மேஸ்திரி ஏணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சரி என்பார். எதுவுமே எழுதாவிட்டால், எல்லா எஸ்டேட்டும் எங்கள் ஏணி தரமானது என்று போர்டு எழுதி மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள். என் கட்சிதான் சரியான கட்சி என்று எனக்குத் தெரியும், ஆனால் அதுவும் முழுக்க உதவாது என்பதும் தெரிந்தது. அதனால்தான் எனக்கு அத்தனை கோபம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கூட்டத்துக்குக் கூட்டம் நான் எழுதிய தாளில் ஏணி இளைத்துக்கொண்டே போனது, முத்திரை பெருத்துக்கொண்டே வந்தது. முத்திரை எந்தக் குச்சிக்கு மேல் வர வேண்டும், எந்த நிறம், மழையில் கரைந்தால் என்ன செய்வது, எத்தனை மாதம் செல்லும் என்று ஒரு பக்கம் முழுக்க. மூங்கில் காய்ந்திருக்க வேண்டும் என்ற வரியை, இடம் போதவில்லை என்று அடிக்குறிப்புக்குத் தள்ளினார்கள். கல்யாணத்தில் மேளக்காரருக்கு எங்கே உட்கார இடம் என்று பேசிப் பேசியே மாப்பிள்ளையை மண்டபத்துக்கு வெளியே நிற்கவைத்த மாதிரி.

ஒரு கூட்டம் முடிந்து நாகலூர் போனேன். அண்ணி களியும் கீரைக் குழம்பும் போட்டார். அண்ணன் தன் கோணல் மணிக்கட்டால் தட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன கண்ணு, ஏணி முடிஞ்சுதா?" என்றார்.

"ஏணி அன்னிக்கே முடிஞ்சுதுங்ணா. யார் பாக்கறதுங்கறதுதான் முடியல."

"நல்ல ஏணியா இருக்கோணும்னு எழுதிப்போட்டா, அது ஏணிக்குத் தெரியுமா? ஆராச்சும் பாக்கோணுமல்ல. நீ வந்து பாரு."

"மலையில இருக்கற ஏணி பூராவும் நான் ஒருத்தியே பாக்க முடியுமாங்ணா?"

"எல்லாத்தையும் ஏன் பாக்கற? நான் ஏறறதப் பாரு."

அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சான்றிதழ்க்காரர் கேட்ட அதே கேள்வியை என் சொந்த அண்ணனும் கேட்கிறார். அவரிடம் தோசைக் கதையைச் சொல்ல முடியுமா? முறிந்த கைக்கு முன்னால் என் கட்சி கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டது. அன்றைக்குக் கீழே இறங்குகிற பஸ்ஸில், சரி, கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். "யார் பார்த்தாலும் சரி. ஆனால் ஒரு வரி வேணும். தேறாத ஏணியை அன்றைக்கே, அந்த இடத்திலேயே, வெட்டிப் போட்டுடணும். ஷெட்டில் வைக்கவே கூடாது." சோதனைக்கூடத்தில் எங்களுக்கு இது பழக்கம். தேறாத சங்கிலியை முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் அது எங்காவது ஒரு கிணற்றில் தொங்கப்போகிறது. அதனால் அறுத்துத்தான் கொடுப்போம்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. "வெட்டணும், கிட்டணும்னு எல்லாம் எழுதினா, படிக்கறவங்களுக்கு நல்லா இருக்காதுங்க. கொடியைத் தாங்கக் கூடவா ஒரு கழி உதவாது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ ஆப்பு என்று அர்த்தம். "மேடம், நீங்கதானே திரும்பத் திரும்பச் சொன்னீங்க? ஏணி எப்படி இருக்கணும்கறது மட்டும்தான் தரவிதியில வரணும்னு. சோதிச்ச பிறகு என்ன செய்யறதுன்னு வரக் கூடாதுன்னு. இப்ப நீங்களே மாத்திப் பேசினா எப்படி?"

என் வாயாலேயே எனக்குப் பூட்டு. அதே மூச்சில் தலைவர் ஒரு சமரசத்தை எடுத்து வைத்தார். வெளியாளும் வேண்டாம், உள்ளாளும் வேண்டாம். யார் சோதித்தாலும் சரி, தேறிய ஏணியில் நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல் ஒரு மஞ்சள் பட்டை தீட்டிவிட வேண்டும். மஞ்சள் பட்டை இல்லாத ஏணி எந்த எஸ்டேட் எல்லைக்குள்ளும் இருக்கக் கூடாது. முடிந்தது.

"பெயின்ட் அடிக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்தில் எழுதியிருக்கோமே?" என்றேன்.

"நாலு விரல்தானே மேடம்."

"விரிசல் அந்த நாலு விரலுக்குள்ளே வந்தா?"

"எல்லாத்துக்கும் குறுக்கே நின்னா எப்படி மேடம்? எப்பவாவது ஒரு நாள் முடியணும் இல்லியா?"

கைதட்டினார்கள். சான்றிதழ்க்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் தட்டினார். மாரமங்கலத்து அக்கா என் பக்கம் குனிந்து, "பெயின்டு டப்பா ஒண்ணு வாங்கிப்போட்டா ஆச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க அக்கா, ஆச்சு என்றேன். தரவிதியை பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு ஷெட்டிலும் தொங்கவிட்டார்கள். கீழே செயலாளர் என்று என் கையெழுத்து.

மழை ஓய்ந்ததும் எங்கள் எஸ்டேட்டுக்கு நானே போனேன். மேஸ்திரியும் நானும் ஏணி ஏணியாகப் படுக்கவைத்துத் தட்டிப் பார்த்தோம், இரு முனையையும் முட்டுக்கொடுத்து நடுக்குச்சியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டோம். பெரும்பாலும் நல்ல ஏணிகள்தான். தேறியவற்றுக்கு மேஸ்திரி நாக்கைத் துருத்திக்கொண்டு அழகாகப் பட்டை தீட்டினார். சில தேறவில்லை. அதில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கீழிருந்து மூன்றாவது குச்சி செருகிய துளையிலிருந்து ஒரு விரிசல் கோணலாக மேலே ஓடியிருந்தது. பாரம் ஏற்றியதும் வாய் திறந்தது, இறக்கியதும் மூடிக்கொண்டது. நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், ஏறினால் ஆளைக் கொல்லும். வெட்டலாமா என்று கேட்டேன். "மொதலாளி வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாருங்க அம்மிணி," என்று மூலையில் சாய்த்து வைத்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்குப் பகலில் அண்ணன் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். ஷெட் வாசலில் வாழைக்கன்று, மாவிலை. ஜீப்புக்கு மாலை, பழம் அரைக்கிற பல்பர் மெஷினுக்குப் பொட்டு, கவாத்துக் கத்திகளுக்குப் பொட்டு. அவற்றுக்குப் பின்னால், சுவரோடு வரிசையாக, அடியிலிருந்து நுனிவரை முழுசாக மஞ்சள் பெயின்ட் பூசி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, எஸ்டேட்டின் அத்தனை ஏணிகளும். அத்தனையும். வரிசையில் நடுவில் அண்ணன், கோணல் கையில் பிரஷ்ஷோடு, வாயெல்லாம் பல்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் செங்கல் உடைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"யாருங்ணா அடிக்கச் சொன்னது?"

"ஆரு சொல்லோணும்? ஜீப்புக்குப் பூச, பல்பருக்குப் பூச, நாம ஏறற ஏணிய மட்டும் மொட்டையா வுடறதா? உன்ற மஞ்சளு மீதி இருந்துச்சு. நொம்ப எடுப்பா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க கண்ணு."

"தேறாதத மூலையில வெச்சிருந்தோமே, அதுக்குமா?"

என்னமோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல, மெதுவாகச் சொன்னார். "அதுவும் ஏணிதான கண்ணு. வருசமெல்லாம் நம்மளச் சொமந்திருக்குது. பூச அன்னிக்கு அத மட்டும் மூலையில போட மனசு வருமா?"

மூலையில் கிடந்ததற்கும் மஞ்சள், முன்னால் நின்றதற்கும் மஞ்சள். இனிமேல் எது எது என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. தேறாததை அன்றைக்கே வெட்டியிருந்தால் பூஜைக்கு அது இருந்தே இருக்காது. நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தலைவருக்குப் போன் செய்தேன். அதற்குள் அந்தப் படம் அவருக்கும் போய்விட்டிருந்தது. கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, கைகூப்பும் பொம்மையையும் போட்டு, நம் தரவிதிக்குத் தொழிலாளர்கள் தந்த வரவேற்பு என்று எழுதியிருந்தார்.

"சார், முழுசா அடிச்சிருக்காங்க. விரிசலே தெரியாது."

"நாலு விரலுக்குக் குறையாமன்னுதானே எழுதியிருக்கோம் மேடம். கூட அடிச்சா தப்புன்னு எங்கேயும் இல்லியே."

பேசிப் பயனில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, சீசனுக்கு முன்னால் எல்லா ஏணியையும் சுரண்டி மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "ஆவட்டுங்க அம்மிணி," என்றார். வாராவாரம் கேட்டேன், வாராவாரம் ஆவட்டுங்க. பிறகு காப்பிப் பழம் பறிப்பு வந்துவிட்டது, யாருக்கு நேரம்?

பொங்கல் கழிந்து மிளகுக்கு ஏறுகிற முதல் நாள், காலை பஸ்ஸில் நாகலூர் போய் இறங்கினேன். பனி இன்னும் விலகவில்லை. ஷெட்டுக்கு முன்னால் ஆள்கள் ஏணிகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அத்தனையும் பளபளவென்று மஞ்சள். அண்ணன் தன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

"அதக் கீழ வைங்ணா."

"வந்ததும் வராததுமா என்ன கண்ணு? டீ குடிச்சியா?"

"வைங்ணா."

வைத்தார். இரு முனையிலும் கல் முட்டுக்கொடுத்தோம். நான் இன்னொரு கல்லை எடுத்து அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல மூங்கில் கணீரென்று பேசும். மூன்றாவது குச்சிக்குப் பக்கத்தில் அது சளி பிடித்தவன் மாதிரி கரகரத்தது. மேஸ்திரியின் இடுப்பிலிருந்த கத்தியை வாங்கி ஏணி முழுக்கப் பெயின்டைச் சுரண்டினேன். மஞ்சள் சுருள் சுருளாக உரிந்து வந்தது. அதற்கடியில், துளையிலிருந்து கோணலாக மேலே ஓடிய அந்த விரிசல். என் பழைய ஆள்தான். மழை ஓய்ந்ததும் நான் மூலைக்கு அனுப்பிய அதே ஏணி பூஜை முடிந்து, பொட்டு வைத்துக்கொண்டு, என் அண்ணன் தோளுக்கு வந்திருக்கிறது.

அண்ணன் விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கையால் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

பேசியது மேஸ்திரிதான். "ஏனுங்க அம்மிணி, இப்படிச் சொரண்டிப்போட்டீங்களே! பட்ட போயிருச்சுங்களே!"

"விரிசல் தெரியலையாங்க உங்களுக்கு?"

"தெரியுதுங்க. ஆனா கமிட்டியில இருந்து ஆரு வந்தாலும் பட்டயத்தானுங்க கேப்பாங்க."

அவரோடு மல்லுக்கு நிற்காமல், மற்ற ஆள்களையும் ஏறாமல் நிற்கச் சொல்லிவிட்டு, ஷெட்டுக்குள் போய் இன்னொரு ஏணியை எடுத்து, தட்டி, மஞ்சளை முழுக்கச் சுரண்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அருமையான ஏணி. என் ஆயுசுக்கும் நான் சான்று சொல்வேன். "இதுல ஏறுங்ணா," என்றேன்.

மேஸ்திரி குறுக்கே கையை நீட்டினார். ஷெட் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய தரவிதியைக் காட்டினார். "பட்ட இல்லாத ஏணியில ஆள ஏத்தக் கூடாதுங்க. அம்மிணியே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. எம்மேல வருமுங்களா இல்லீங்களா?"

நான் தரவிதிகள் எழுதுவதில் வல்லவள் என்று யாராவது இனிமேல் சொன்னால் அவர்கள் வாயில் பொரி கடலையைப் போட்டு மூட வேண்டும். சோதித்துத் தேறிய ஏணியில் ஏறக் கூடாது, என் விதிப்படி. சோதிக்காத மஞ்சள் ஏணியில் தாராளமாக ஏறலாம், அதுவும் என் விதிப்படி.

அண்ணன்தான் உள்ளே போனார். பூஜைக்குப் பூசியதுபோக அடியில் மீதியிருந்த பெயின்டையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்தார். விரலை வைத்து அளந்து, நல்ல ஏணியில் துளை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, சரியாக நான்கு விரலுக்கு ஒரு பட்டை இழுத்தார். "இப்ப ஆச்சா?" என்றார், எனக்கும் மேஸ்திரிக்கும் பொதுவாக. ஆச்சு என்றார் மேஸ்திரி. அண்ணன் ஏணியைத் தூக்கிப் பக்கத்து மரத்தில் சாய்த்து, கயிறு கட்டி, பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏறினார். நான் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு குச்சியையும் எண்ணினேன். ஏணி முனகக்கூட இல்லை. மேலே மிளகுச் சரங்கள் பைக்குள் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்குத் தலைவலி இல்லை.

திரும்பிப் பார்த்தேன்.

ஷெட் வாசலில் மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்த விரிசல் ஏணியில் நான் சுரண்டிய இடத்தின்மேல் பொறுமையாக மஞ்சள் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! என்னங்க பண்றீங்க?"

"ஏறறதுக்கு இல்லீங்க அம்மிணி, பயப்படாதீங்க. பட்ட இல்லாத ஏணி எஸ்டேட்டுக்குள்ளயே இருக்கப்படாதுன்னு போட்டிருக்குதுங்களே. சும்மா ஷெட்டுல கெடந்தாலும் தப்புத்தானுங்களே. அதான் அடிச்சு வெச்சுட்டா ஒரு வெசனம் இல்ல பாருங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது அவசரத்தில் வருவார், மஞ்சளைப் பார்ப்பார், தோளில் வைப்பார். ஒருவேளை என் அண்ணனே.

மேஸ்திரியின் கத்தி இன்னும் என்னிடம்தான் இருந்தது. அவர் கையிலிருந்து ஏணியை இழுத்துக் கல்மேல் போட்டு, மூன்றாவது குச்சிக்குப் பக்கத்தில், ஈரப் பட்டையின்மேலேயே ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். முகத்தில் மஞ்சள் தெறித்தது. மேஸ்திரி, "ஐயோ, பூச வெச்ச ஏணிங்க அம்மிணி!" என்று எழுந்துவிட்டார். இரண்டாவது வெட்டில் அது இரண்டாகப் போனது.

மேலேயிருந்து கொடிக்குள் அண்ணன் குரல் கேட்டது. "என்ன கண்ணு சத்தம்? என்ன பண்ணற?"

"ஒண்ணுமில்லீங்ணா, நீங்க பறிங்க. தரம் பாக்கறேன்."

அடுத்த துண்டைக் கல்மேல் இழுத்துப் போட்டேன்.